எழுதும்போது சேரும் கோடு

என் மகள் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். கொடுத்தாள் என்றுகூடச் சொல்லக் கூடாது. பட்டறை மேசையில், உளிகளுக்குப் பக்கத்தில், ஓசைப்படாமல் வைத்துவிட்டு நழுவப் பார்த்தாள். நான் விடுகிற ஆளா?

"ஏய், நில்லு. என்ன இது?"

"உன் பேனாம்மா. நீயே வெச்சுக்க."

"ஏன், மை வரலையா? முனை தேஞ்சிடுச்சா?"

"நல்லாத்தான் எழுதுது. எனக்கு இனிமே தேவைப்படாது, அவ்வளவுதான்."

அவள் டாக்டர் ஆன அன்று நான் கடைந்து கொடுத்த பேனா அது. நான் பேனா கடைகிறவள். வீட்டை ஒட்டிய கார் கொட்டகையில் காருக்குப் பதிலாக ஒரு சின்ன லேத், ஒரு ரம்பம், துளை போட ஒரு மெஷின், மீதி இடமெல்லாம் மரத்துண்டு. ஒரே மரத்தில் பேனா கடைய ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் செய்வது ஒட்டுவேலை. வெளுப்பு மரக்கட்டையைச் சாய்வாக அறுத்து, அறுத்த வாயில் கருங்காலிச் சீவலைச் செருகி, பசை காய்ந்ததும் லேத்தில் ஏற்றிக் கடைவேன். கட்டையாக இருக்கும்போது அது வெறும் நேர்க்கோடு. உருட்டிக் கடைந்ததும் வளைந்து வளையமாகிவிடும். எப்படி வளையும் என்பதை ஓரளவுக்குத்தான் கணிக்க முடியும். மிச்சம் அதன் இஷ்டம். "இந்த வீட்டுல உன் பேச்சைக் கேக்காத ஒரே ஜீவன் அந்தக் கட்டைதான்" என்பார் என் வீட்டுக்காரர். லிஃப்ட் பழுதுபார்க்கிறவர், மேலே போவதும் கீழே வருவதும் அவருக்கு ஒன்றுதான். எனக்கு அப்படி இல்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம்.

மகளுக்கு வீட்டில் 'எறும்பு' என்று பேர். சின்ன வயதில் யார் கையைக் கொடுத்தாலும் கடித்துவிடுவாள். அவள் லீவில் வந்த முதல் நாளே, சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி, "நான் இனிமே ஆஸ்பத்திரிக்குப் போகப் போறதில்ல" என்றாள். ஏன் என்று கேட்டேன். பிடிக்கவில்லை என்றாள். இத்தனை வருஷம் ராப்பகலாகப் படிக்கும்போது மட்டும் பிடித்ததா என்று கேட்டேன். எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். திங்கட்கிழமையோடு லீவு முடிகிறது. போகவில்லையென்றால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும். அவள் கடிப்பதை நிறுத்தியதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"நீ கேள்வி கேக்கல, போலீஸ் விசாரணை நடத்துற" என்றார் வீட்டுக்காரர்.

"நீங்க கேளுங்களேன். வாயில என்ன கொழுக்கட்டையா?"

"கேட்டா சொல்லுவாளா? தானா சொல்லுவா. விடு."

விடுவதாம். பெற்ற மனம் பித்து என்பது எனக்கு மட்டும்தான் போலிருக்கிறது.

ஆகவே அன்று கொட்டகையில் அவள் பேனாவை வைத்ததும், வேலையைப் பற்றிக் கேட்காமல் பேனாவைப் பற்றிக் கேட்டேன். பேனா என்றால் எனக்குக் கோபம் வராமல் பேச வரும்.

"வேலை கிடக்கட்டும். பேனா என்ன பாவம் பண்ணிச்சு?"

அவள் திரும்பி வந்து அதை எடுத்தாள். திருகு பேனா அது. இரண்டு பாதி, மேல் பாதியைத் திருகினால் கீழே முனை வெளியே வரும். நடு இடுப்பில், இரண்டு பாதிக்கும் பொதுவாக, ஒரு கருங்காலி வளையம் சாய்வாக ஓடும். பாதி வளையம் மேலே, பாதி கீழே. அவள் திருகினாள். முனை வந்தது. வளையம் இரண்டாக உடைந்து, ஆளுக்கொரு பக்கம் பார்த்தது.

"எழுதுறதுக்கு எடுத்தாலே உடைஞ்சிடுதும்மா" என்றாள். "சும்மா பைக்குள்ள கிடக்கும்போது அழகா இருக்கு. எனக்கு வேணும்கிறப்போ இப்படி இருக்கு."

"எல்லாத் திருகு பேனாவும் அப்படித்தான்டி."

"தெரியும். சும்மா சொன்னேன்." போய்விட்டாள்.

சும்மா சொன்னாளாம்! எனக்குச் சுருக்கென்றது. இந்தத் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் யாரும் மீறுவதில்லை. முனை உள்ளே இருக்கும்போது கோடு சேர வேண்டும். கடைக் கண்ணாடிக்குள் பேனா மூடித்தான் இருக்கும், பரிசுப் பெட்டியிலும் மூடித்தான் இருக்கும், சட்டைப்பையிலும் அப்படியே. வாங்குகிறவன் பார்ப்பது அதைத்தான். எழுதும்போது எழுத்தைப் பார்ப்பான், பேனாவையா பார்ப்பான்? இத்தனை காலமும் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இவள் பார்த்திருக்கிறாள்.

மூடினாலும் சேர வேண்டும், திறந்தாலும் சேர வேண்டும். அப்படி ஒரு ஒட்டுக்கட்டை செய்துவிட்டால்? பேனாவைச் சரிசெய்தால் பெண் சரியாகிவிடுவாள் என்று நான் நினைக்கவில்லை. நான் அவ்வளவு பைத்தியம் இல்லை. ஆனால் எனக்குக் கையில் ஏதாவது வேண்டும். இல்லாவிட்டால் அவள் அறைக் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பேன்.

முதலில் எதிரும் புதிருமாக இரண்டு வளையம் போட்டேன். திருகினால் அரைச் சுற்றுத்தானே சுற்றுகிறது, ஒன்று போன இடத்துக்கு இன்னொன்று வந்து நிற்கும் என்று கணக்கு. கணக்கெல்லாம் சரி. வளையத்துக்குச் சிவப்பு மரம் போட்டதுதான் வினை. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கத் தேய்க்கச் சிவப்புத் தூள் வெள்ளை மரத்தின் துளையெல்லாம் ஏறி, பேனா முழுக்க வெற்றிலை போட்ட வாய் மாதிரி ஆகிவிட்டது. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என் வெள்ளைச் சட்டையைச் சிவப்புத் துண்டோட ஊற வெச்சவதானே நீ" என்றார்.

"போய் வேலையப் பாருங்க."

மறுபடியும் கருங்காலிக்கே வந்தேன். அடுத்த கட்டை லேத்தில் சிதறியது. பசை காய்வதற்குள் ஏற்றிவிட்டேன். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்களே, அதுதான். ஒரு துண்டு பறந்து தகரக் கூரையில் பட்டு டங்கென்று விழுந்தது. நான் போட்ட சத்தத்தில் எறும்பு ஓடி வந்தாள்.

"கண்ணுல பட்டுச்சா? காட்டு." என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். விரல் உறுதியாக இருந்தது. இமையை விலக்கிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல. கண்ணாடி போட்டுக்கன்னு எத்தனை வாட்டி சொல்றது?" என்று கடிந்துகொண்டாள்.

கடித்தாள்! எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். வெளியே காட்டிக்கொள்ளவில்லை. "வந்ததுதான் வந்தே, இந்தக் கிளாம்பைப் பிடி" என்றேன்.

அப்படித்தான் அவள் உள்ளே வந்தாள். மறுநாளும் வந்தாள். நான் அறுக்க, அவள் சீவலைச் செருகிப் பசை தடவினாள். டாக்டர் கை, என்னைவிடச் சுத்தமாக ஒட்டினாள். இந்த முறை கட்டை உடையவில்லை, கறை ஏறவில்லை. இரண்டு பாதியையும் கடைந்து, மெருகேற்றி, மாட்டி, மூடிப் பார்த்தால் வளையம் இரண்டும் கச்சிதமாகப் பின்னிக்கொண்டன. திருகினேன். முனை வந்து நின்றது. கோடு சேரவில்லை. ஒரு மயிரிழை தள்ளி நின்றது.

"கிட்டத்தட்ட வந்திடுச்சேம்மா."

"அதான்டி கொடுமை. முழுசா உடைஞ்சிருந்தா டிசைன்னு நினைப்பாங்க. மயிரிழை தப்பினா கைத்தப்புன்னுதான் சொல்லுவாங்க."

அவள் தன் பழைய ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து பாகைமானியைத் தேடி எடுத்து வந்து, என்னிடம் இருந்த திருகுகளை, பேனாவுக்குள் முனையைத் தள்ளுகிற அந்தச் சின்னப் பொறிகளை, ஒவ்வொன்றாக அளந்தாள். அரைச் சுற்று என்று பேர்தானே தவிர, ஒன்றும் அரைச் சுற்றுப் போகவில்லை. ஒன்று கொஞ்சம் கூட, ஒன்று கொஞ்சம் குறைய. ஒரே டப்பாவில் வந்தவையே ஒவ்வொன்றும் ஒரு தினுசு. அதாவது, எந்தக் கோடு போட்டாலும் மூடும்போது சேர்த்தால் திறக்கும்போது விலகும்.

"முடியாதும்மா" என்றாள். "ரெண்டு பக்கமும் சேராது."

"சேரும். இன்னொண்ணு போட்டுப் பார்ப்போம்."

"உனக்குப் பிடிவாதம்."

"உனக்கு மட்டும் எங்கிருந்து வந்துதாம்?"

ஞாயிறு மத்தியானம் கடைசியாக ஒரு கட்டையை ஏற்றினோம். நான்கு பக்கமும் சாய்வாக அறுத்து நான்கு வளையம். கடையக் கடைய அவை ஒன்றுக்குள் ஒன்று புகுந்து முடிச்சுப் போட்ட மாதிரி வந்தன. நான் லேத்தை நிறுத்தி, மேல் பாதியை அவளிடம் கொடுத்து, கீழ்ப்பாதியை நான் வைத்துக்கொண்டேன். இருவரும் உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தோம். கை வேலையில் இருந்தது, கண் மரத்தில் இருந்தது. அப்போதுதான் அவள் பேச ஆரம்பித்தாள்.

"ஒரு அக்கா அட்மிட் ஆகியிருந்தாங்கம்மா. உன் பேனாவைப் பார்த்துட்டு, எங்க வாங்கினீங்கன்னு கேட்டாங்க. எங்கம்மா செஞ்சதுன்னேன். வீட்டுக்குப் போனதும் எனக்கு ஒண்ணு சொல்லி வைங்கன்னாங்க."

நான் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"போயிட்டாங்கம்மா. நாங்க எல்லாம் பண்ணினோம். இறந்த நேரம் எழுதிக் கையெழுத்துப் போடணும். நான்தான் போட்டேன். அவங்க வீட்டுக்காரர் எதிர்ல நின்னு என் கையையே பார்த்துட்டு இருந்தாரு. பேனாவைத் திருகினேன், வளையம் உடைஞ்சுது. அதை மட்டுமே பார்த்துட்டு எழுதி முடிச்சேன். அவருக்கு என்ன நடந்துதுன்னு உக்கார வெச்சுச் சொன்னேன். கை நடுங்கலம்மா. குரல்கூட உடையல."

"அப்புறம்?"

"அப்புறம் போர்வை எல்லாம் அடுக்கி வெச்சிருக்கிற ரூமுக்குள்ள போய் அழுதேன். ரொம்ப நேரம். பெரிய டாக்டர் ஏதோ எடுக்க வந்தவர் பார்த்துட்டாரு. 'இப்படி உடைஞ்சு போறவங்க இந்த வேலைக்கு லாயக்கில்லை'ன்னாரு. சரியாத்தானே சொன்னாரு?"

வந்ததே எனக்குக் கோபம். இருபத்தாறு வயசுப் பெண்ணின் தலையில், குருவி தலையில் பனங்காய் வைத்த மாதிரி, இப்படி ஒரு சாவை வைத்துவிட்டு, அழக் கூடாதாம்! அந்த மனிதர் எதிரில் இருந்திருந்தால் என் பெரிய உளிக்கு வேலை வந்திருக்கும். அவரை மனதுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே குழாய்க்குள் திருகை அழுத்தினேன், முனை சரியான நீளத்துக்கு வருகிறதா என்று திருகிப் பார்த்தேன், வந்தது, அவள் கையிலிருந்த மேல் பாதியைப் பிடுங்கி, கோடு பார்த்து, ஒரே அழுத்தாக அழுத்திச் செருகினேன். முடிச்சு கச்சிதமாகச் சேர்ந்தது. "இந்தா பாரு" என்றேன்.

அவள் வாங்கிப் பார்த்தாள். "அம்மா, முனை வெளியில இருக்கு."

ஐயோ! முனையை உள்ளே இழுக்காமலே மாட்டிவிட்டேன். கற்றுக்கொள்ள வந்த முதல் வாரத்தில் செய்கிற தப்பு. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? அவள் திருகினாள். முனை உள்ளே போனது. நான்கு வளையமும் ஆளுக்கொரு மயிரிழை விலகி, முடிச்சு முழுக்கக் கோணிக்கொண்டது.

"கொடு இப்படி" என்றேன். "இழுத்தா கழண்டு வந்திடும், ரீஃபில் மாத்துற மாதிரிதான். திருப்பி மாட்டித் தரேன்."

"இரும்மா." கையைப் பின்னால் கொண்டுபோனாள். "இப்படியே இருக்கட்டும்."

"பைக்குள்ள கிடக்கும்போது கோணலா இருக்கும்டி!"

"இருக்கட்டுமே. எழுதும்போதுதான் சரியா இருக்கே. பைக்குள்ள எப்படிக் கிடந்தா என்ன?"

சொல்லிவிட்டு அவளே என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன்.

"இன்னொரு தடவை சொல்லு" என்றேன்.

"என்னத்தை?"

"இப்ப சொன்னியே, அதை. அந்த அக்கா வீட்டுக்காரருக்கு எதிர்ல நின்னு எழுதினப்போ நீ உடைஞ்சியா?"

"இல்ல."

"கையெழுத்து கோணலாப் போச்சா? அவருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லாம ஓடி வந்தியா?"

"இல்லம்மா."

"அப்புறம் என்னடி? கதவைச் சாத்திக்கிட்டு அழுதது ஒரு குத்தமா? அந்தப் பெரிய டாக்டர் ஏன் உன் பைக்குள்ள எட்டிப் பார்த்தாராம்? எழுதும்போது சேர்ந்து நின்னே, அது போதும். மிச்சத்தைப் பத்திக் கேக்க அவர் யாரு? அங்க அழ இடம் இல்லன்னா இங்க வந்து அழு. வீடு பின்ன எதுக்கு இருக்கு? சாப்பிட்டுத் தூங்கவா?"

கடைசி வார்த்தைக்கு வரும்போது நான் கத்திக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். என் வீட்டுக்காரர் டீ டம்ளரோடு வாசலில் வந்து நின்றுவிட்டார். எறும்பு அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. மேசை மேல் கிடந்த பழைய பேனாவை, அவள் திருப்பிக் கொடுத்த அதே பேனாவை எடுத்தாள். முனையை வெளியே திருகினாள். மேல் பாதியைப் பிடித்து இழுத்துக் கழற்றினாள். மெதுவாகத் திருப்பி, வளையத்தோடு வளையத்தை வைத்து, மறுபடியும் அழுத்தினாள். எழுதத் தயாராக இருந்த பேனாவில் வளையம் முழுசாக நின்றது.

ஒரு வாரமாக நான் அறுத்தது, ஒட்டியது, உடைத்தது, கறையாக்கியது எல்லாம் எதற்கு? ஒரு இழுப்பு, ஒரு திருப்பு. இதை எந்தப் பேனாக்காரியும் நினைத்துப் பார்க்க மாட்டாள். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை.

"நான் இதையே எடுத்துக்கறேன்" என்றாள். "நாலு வளையம் போட்டது அந்த அக்காவுக்கு. அவங்க கேட்டாங்கல்ல, அவங்க வீட்டுக்காரர்கிட்ட கொடுத்திடறேன்."

"வாங்கிப்பாரா?"

"தெரியல. கேட்டுப் பார்க்கறேன்."

என் வீட்டுக்காரர் டீயை அவள் கையில் கொடுத்துவிட்டு, "காலையில எத்தனை மணிக்கு பஸ் ஸ்டாண்டுல விடணும்?" என்று மட்டும் கேட்டார். இந்த மனிதருக்கு எல்லாமே லிஃப்ட்தான். எந்த மாடி என்று கேட்பார். ஏன் என்று கேட்க மாட்டார். அன்றைக்கு அது நல்லதாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை போனாள். போனில் பேசும்போது, சாப்பிட்டாயா தூங்கினாயா என்பதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன். நாலு வளையப் பேனாவை அந்த அக்காவின் வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டார் என்று ஒருநாள் அவளாகவே சொன்னாள். கடைக்குச் செய்கிற பேனாக்களை நான் இன்னமும் மூடித்தான் சேர்க்கிறேன். வியாபாரம் வேறு.

அடுத்த லீவுக்கு அவள் வந்தபோது நான் லேத்தில் இருந்தேன். பையோடு நேராகக் கொட்டகைக்கு வந்தாள். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மேசையில் வைத்தாள். முனை உள்ளே இருந்தது. வளையம் இரண்டாக உடைந்து, ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

"அம்மா" என்றாள். வாய் கோணிக்கொண்டது.

'அழாதே' என்ற சொல் என் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கினேன். லேத்தை நிறுத்தினேன். "வா" என்றேன். மரத்தூள் அப்பிய என் ஏப்ரனில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சின்ன வயதில் அழுத மாதிரி, சத்தம் போட்டு அழுதாள். யார், என்ன, எப்படி என்று நான் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, வெளிப்பக்கமிருந்து கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

பேனா மேசையில் கோணலாகவே கிடந்தது. நான் அதைத் தொடவில்லை.